பத்துக்கு மேல் சிவப்பு

பதினொரு வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தும் புருஷனும் பெண்டாட்டியும் நாளொன்றுக்குப் பத்தே நிமிஷம், அதுவும் நின்றபடிதான் பேசிக்கொள்கிறார்கள் என்றால் வெளியில் யாரும் நம்பமாட்டார்கள். சலவை ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் நம்புவார்கள். அங்கே பாதிப் பேர் வீட்டில் நடப்பது அதுதான்.

ஆலை பெரியது. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் ஹோட்டல்களின் துண்டும் லாரி லாரியாக வந்து இறங்கும். அவன் அங்கே பாய்லர்காரன். விறகு போட்டு நீராவி உண்டாக்குவது அவன் வேலை. மனைவிக்கு மடிப்புப் பகுதி. உருளையிலிருந்து சூடாக வெளியே வரும் விரிப்பின் இரண்டு முனையை அவள் பிடிக்க, எதிரே நிற்பவள் மற்ற இரண்டைப் பிடிக்க, மூன்று மடிப்பில் அது பலகையாகிவிட வேண்டும். அவன் அனுப்பும் நீராவியில்தான் அவளுடைய உருளை சூடாகிறது. ஆனால் அவன் நீராவி அனுப்பும் நேரத்தில் அவள் அங்கே இருக்கமாட்டாள். அவனுக்குக் காலை ஆறு முதல் இரண்டு வரை என்றால் அவளுக்கு இரண்டு முதல் பத்து வரை. அடுத்த வாரம் தலைகீழ். ஏழு வயதுப் பெண்குழந்தை ஒன்று வீட்டில் இருக்கிறது, யாராவது ஒருவர் அதன் பக்கத்தில் இருந்தாக வேண்டுமே. இரவு பத்தரைக்கு ஒருவர் வந்து படுக்கும்போது, விடிகாலை நாலரைக்கு எழ வேண்டிய மற்றவர் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஆகவே ஒன்று ஐம்பதுக்கு முதல் சங்கு ஊதி, இரண்டுக்கு இரண்டாம் சங்கு ஊதும் வரையில் உள்ள பத்து நிமிஷம்தான் அவர்களுடைய குடித்தனம். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், சைக்கிள் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே. வீட்டுச் சாவி, குழந்தைக்கு உடம்பு சுகமா, தண்ணீர் வந்ததா, எல்லாம் அதற்குள் முடிந்துவிட வேண்டும். சண்டைகூடத் தவணை முறையில்தான். செவ்வாய்க்கிழமை பாதியில் விட்ட வாக்கியத்தைப் புதன்கிழமை அதே சூட்டோடு அவள் தொடர்வாள். இருபத்து நாலு மணி நேரம் அந்தச் சூடு ஆறாமல் எப்படி வைத்திருந்தாள் என்று அவனுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இப்படி இருக்கையில்தான் நிர்வாகம் புகைப்பழக்க ஒழிப்புத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதை நடத்த வந்த நலத்துறை அதிகாரிக்கு ஒரே வாரத்தில் பெயர் வைத்துவிட்டார்கள்: ஊதுங்க சார். கையடக்கமான ஒரு மிஷினை நீட்டி, மூச்சைப் பதினைந்து வினாடி அடக்கி ஊதச் சொல்வார். புகைத்தவன் மூச்சில் ஒரு விஷக்காற்று இருக்குமாம், அதை அது எண்ணில் காட்டும். பத்துக்குள் பச்சை விளக்கு, பத்துக்கு மேல் சிவப்பு. மாதம் ஒரு தடவை வீதம் ஆறு மாதம் பச்சை வந்தால் பரிசு. சிவப்பு வந்தால் பதினைந்து நாளில் இன்னொரு வாய்ப்பு, அதிலும் சிவப்பென்றால் பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்படும். பழக்கத்தை விடுகிறவன் தனக்கு ஒரு துணையைக் காட்ட வேண்டும். துணையும் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும்.

சைக்கிள், சுவர்க்கடிகாரம், ஒரு வாரச் சம்பள விடுப்பு என்று பரிசு பலவகை. அதில் ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் மனைவி அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்தாள். தம்பதியாக வேலை பார்ப்பவர்களுக்கு, எந்தப் பிரிவில் இடம் இருக்கிறதோ அந்தப் பிரிவில், இருவருக்கும் நிரந்தர ஜெனரல் ஷிஃப்ட். காலை எட்டு முதல் நாலு வரை. குழந்தை பள்ளிக்கூடம் போய்வரும் நேரம். சாயங்காலம் மூன்று பேரும் ஒரே வீட்டில் விழித்துக்கொண்டிருக்கலாம். அவள் அன்றைக்குக் கேட்டில் வேறெதுவும் பேசவில்லை. ஜெனரல் ஷிஃப்ட் வந்ததும் சாப்பாட்டு மேஜை ஒன்று வாங்க வேண்டும் என்பதையே பத்து நிமிஷமும் சொன்னாள்.

முதல் மாதம் பச்சை. இரண்டாம் மாதம் பச்சை. மூன்றாம் மாதமும் பச்சை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அவன் சிகரெட்டை விடவே இல்லை. இருபது வருஷப் பழக்கம், ஒரு அட்டையில் கையெழுத்துப் போட்டதற்காக ஓடிப்போய்விடுமா? ஒரு நாளைக்கு நாலு பிடித்தான். ஆனால் பரிசோதனையை வேலை தொடங்கும் முன் வைத்திருந்தார்கள். முந்தின ராத்திரி எட்டு மணிக்குமேல் தொடாமல் தூங்கி எழுந்தால், காலையில் மூச்சு குழந்தையின் மூச்சு மாதிரி ஆகிவிடும் என்பதை ஆலையில் பாதிப் பேர் கண்டுபிடித்திருந்தார்கள். அவனும் கண்டுபிடித்தான். மிஷினுக்குப் பழசெல்லாம் நினைவிருக்காது, கடைசி சில மணி நேரம்தான் தெரியும்.

மனைவி அந்தப் பச்சைகளை உண்மையாகவே நம்பினாள். மடிப்புப் பகுதியில் எல்லோரிடமும் சொன்னாள். அவளுடைய சொந்த அக்கா, ‘இவனாவது விடுகிறதாவது, உன்னை ஏமாற்றுகிறான்’ என்று ஒரு வார்த்தை சொல்லப்போக, அக்காளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். மூன்றாம் பச்சை வந்த அன்று கேட்டில் நின்று இதை அவள் பெருமையாகச் சொன்னாள். அன்றைக்கே பையில் இருந்ததைச் சாக்கடையில் போட்டான்.

அதற்கப்புறம் பட்ட பாடு சொல்லி மாளாது. சாப்பாட்டில் உப்பு தெரியவில்லை, குழந்தை பென்சில் கேட்டால்கூடக் கோபம் வந்தது. பாய்லர் அறைக்குப் பின்னால் இருந்த தகரச் சாய்ப்புக்குக் கீழேதான் ஆலையின் புகைக்கூட்டம் கூடும். அங்கே போகாமல் இருப்பதற்காகத் தேநீரைக்கூட உள்ளேயே குடித்தான். கிராம்பைக் கடித்துக் கடித்து உதட்டின் உள்பக்கம் புண்ணாயிற்று. முப்பது நாள் ஒன்றுகூடத் தொடவில்லை. இதைச் சொல்லிப் பெருமைப்படவும் ஆள் இல்லை, ஏற்கெனவே விட்டுவிட்டதாகத்தானே ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது.

நாலாம் மாதம் ஊதுங்க சார் விழித்துக்கொண்டார். பரிசோதனை இனிமேல் வேலை முடியும்போது என்று பலகையில் எழுதிப் போட்டார். பாதிப் பேர் முகம் செத்துவிட்டது. அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. முதல்முறையாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரிசையில் நின்றான். மூச்சை அடக்கி ஊதினான்.

பதினேழு. சிவப்பு.

மிஷின் கெட்டுப்போயிருக்கும் என்றான். அவனுக்குப் பின்னால் நின்றவன் ஊதினான், மூன்று, பச்சை. வரிசையில் யாரோ கனைத்தார்கள். ஒன்று ஐம்பது சங்குக்கு அவன் கேட்டுக்கு வருவதற்குள் செய்தி அங்கே வந்து நின்றுகொண்டிருந்தது. மனைவி கிட்டே வந்தாள். அவனுடைய சட்டைத் தோளைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். பாய்லர்காரன் சட்டையில் புகை நாறாமல் மல்லிகையா மணக்கும்? ஆனால் அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவனால் அதைச் சொல்ல முடியவில்லை.

பதினைந்து நாள் அவகாசத்தில் அவன் செய்த கூத்துகள் கொஞ்சமல்ல. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். எலுமிச்சையைப் பிழிந்து வெறும் வயிற்றில் விழுங்கினான். கடைசியில் அவனாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தான்: பின்னால் சாய்ப்பில் நின்று பிடிக்கிறார்களே, அந்தப் புகைதான் ஜன்னல் வழியாக வந்து நம்மேல் படிகிறது. மறு பரிசோதனை அன்று மழை வேறு. விறகெல்லாம் ஈரம். அடுப்பு எரியாமல் புகைந்தது. மேலே புகைக்குழாய் வளையும் இடத்தில் கயிறு வைத்து அடைத்த இணைப்பு எப்போதோ பிய்ந்து, கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதை அவன் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான், அது பாட்டுக்கு ஒழுகட்டும் என்று விட்டிருந்தான். அன்று காலை அவன் செய்த காரியம், சாய்ப்புப் பக்கத்து ஜன்னல்கள் மூன்றையும் இறுக்கிச் சாத்தி, கதவையும் சாத்தி, இடுக்கில் ஈரச் சாக்கைச் சொருகி, யாருடைய புகையும் அண்டாமல் எட்டு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்ததுதான். தலை விண்விண்ணென்று தெறித்தது. கவலையால் வந்த தலைவலி என்று நினைத்துக்கொண்டான்.

இருபத்தாறு. மிஷின் அந்த ஆலையில் அதுவரை அவ்வளவு பெரிய எண்ணைக் காட்டியதில்லை. ஊதுங்க சார் அவனைப் பரிதாபமாகப் பார்த்து, ஒரே நாளில் ஒரு பாக்கெட்டா என்று மெதுவாகக் கேட்டார்.

மருந்தறை நர்ஸம்மா மட்டும் எண்ணைப் பார்த்துவிட்டு அவன் கண்ணைப் பார்த்தாள். எல்லோரும் போனபிறகு, தலைவலி உண்டா என்று கேட்டாள். தினமும் உண்டு, வேலை முடிகிற நேரத்தில் வரும், வீட்டுக்குப் போனால் போய்விடும் என்றான். மறுநாளும் வருமா? வேலைக்கு வந்தால் வரும். இன்னொரு பாய்லர்காரருக்கு? எதிர் ஷிஃப்டில் வருபவரை இவன் எதிராளி என்று கூப்பிடுவான், அவரும் இவனை அப்படித்தான் கூப்பிடுவார். சிகரெட்டைக் கையால் தொட்டறியாத மனுஷர். அவருக்கும் தலைவலிதான், கண்ணாடி போட்டால் சரியாகும் என்று இரண்டு கண்ணாடி மாற்றிவிட்டார்.

அடுத்த நாள் எதிராளியின் வேலை முடியும் நேரம் வரை நர்ஸம்மா காத்திருந்து அவரை ஊதச் சொன்னாள். பதினெட்டு வந்தது. எதிராளி பயந்துபோய், தாயாணை நான் பிடிக்கலம்மா என்று அழாத குறையாகச் சொன்னாராம். நர்ஸம்மா அதைப் பதிவேட்டில் எழுதி, அடுப்புப் புகையிலும் அதே விஷக்காற்று உண்டு, குழாய் ஒழுகுகிறது என்று மேலே ஒரு கடிதமும் அனுப்பினாள்.

அவன் காற்றில் பறப்பதுபோலக் கேட்டுக்கு வந்து இதை மனைவியிடம் கொட்டினான். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, ரொம்ப நிதானமாக ஒரு கேள்வி கேட்டாள்.

“அந்தப் புகை மூணு மாசமா எங்கே போயிருந்துச்சு? அப்பல்லாம் பச்சை வந்துச்சே.”

“அப்ப காலைல ஊதினோம். ராத்திரி தூங்கி எந்திரிச்சா மூச்சு சுத்தமாயிரும். மிஷினுக்குக் கடைசி அஞ்சாறு மணி நேரம்தான் தெரியும்.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாலு நிமிஷம் மீதி இருந்தது. ஒரு பொய்யை இன்னும் நாலு நிமிஷம் தாங்கிக்கொண்டால் அவள் உள்ளே போய்விடுவாள். ஆனால் அவனுக்கு அலுத்துவிட்டது. அந்த மூன்று மாதமும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், மூன்றாம் பச்சைக்கு அப்புறம்தான் நிஜமாக விட்டேன் என்று சொல்லிவிட்டான்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

“பச்சை வந்தப்போ பொய். சிவப்பு வந்தப்போ நெசம். நல்லா இருக்கு. உங்களை எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும் நம்பணும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க, நான் பார்த்து நம்பிக்கிறேன்.”

“நர்ஸம்மாவைக் கேட்டுப் பாரு.”

“நான் எங்க அக்காவைக் கேட்டிருக்கணும்.”

சங்கு ஊதிற்று. அடுத்த ஒன்பது நாள் அவர்கள் பத்து நிமிஷமும் பேசாமல் நின்றார்கள். பிரிந்து நிற்கலாமே என்றால், குழந்தையின் சங்கதி சொல்ல வேண்டும். இருமல் மருந்து ரெண்டு வேளை, கணக்கு நோட்டுத் தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டு, மீதி எட்டு நிமிஷம் அவள் சைக்கிள்களைப் பார்ப்பாள், அவன் கேட்டைப் பார்ப்பான். வீட்டில் அவள் வைத்துவிட்டுப் போகும் சாப்பாட்டில் குறையில்லை. ரொட்டியும் முட்டையும் மூடிவைத்தபடி இருக்கும். மூடிக்கு மேலே முன்பெல்லாம் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும், ‘சூடு பண்ணிச் சாப்பிடுங்க’ என்று. அது நின்றுபோயிற்று. பிடித்துக்கொண்டிருந்தபோது பெண்டாட்டி சிரித்தபடி இருந்தாள், விட்டபிறகு அல்லவா இந்தக் கதி என்று அவன் நினைத்தான். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் விறகின்மேல் கோபப்பட்டான். எதிராளி மட்டும் ஷிஃப்ட் மாறும்போது தோளில் கைவைத்து, பொறுத்துக்கொள் என்பார். அவர் புதுசாக இருமத் தொடங்கியிருந்தார்.

பத்தாம் நாள் ஒன்று ஐம்பது சங்குக்கு ஊதுங்க சார் இருவரையும் தம் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷர்தான். நாற்காலி போடச் சொன்னார், மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பினார். நர்ஸம்மாவின் கடிதம் மேஜைமேல் இருந்தது, அதன்மேல் ஒரு கண்ணாடிக் கல் வைத்திருந்தது. அவர் சுற்றி வளைத்துப் பேசினார். குழாய் மாற்ற வேண்டுமென்றால் பாய்லரை ஒரு வாரம் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் தேங்கிவிடும், ஒப்பந்தம் போய்விடும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று என்ஜினியர் சொல்லிவிட்டார். திட்டத்தின் கணக்கை அதற்குள் தலைமையகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அதில் சிகரெட் பிடிக்காதவனுக்கு இருபத்தாறு என்று எழுதினால் ஆயிரம் கேள்வி வரும்.

“உங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். கஷ்டப்பட்டு வேலை பார்க்கிறவங்க. வீணா அடிபட்டுப் போகக் கூடாதுன்னு நானே மேல பேசினேன். துணி பிரிக்கிற பகுதியில ஒரு இடம் இருக்கு. அடுத்த திங்கள்லேருந்து ரெண்டு பேருக்கும் ஜெனரல் ஷிஃப்ட். பாய்லர் பக்கமே போக வேண்டாம். இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

காகிதத்தை அவன் படித்தான். ‘பழக்கத்தை விட்ட நான் நாலாம் மாதத்தில் சபலத்துக்கு ஆளாகி மறுபடியும் புகைத்துவிட்டேன், என் மனைவியின் அறிவுரையால் திருந்தினேன், எனக்கு வந்த சிவப்பு என் தவறால் வந்தது’ என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே இரண்டு கோடு. அவனுடையது ஒன்று, துணையினுடையது ஒன்று.

பிடிக்காததைப் பிடித்தேன் என்று எழுத ஒரு கணம் மனம் வரவில்லை. ஆனால் எப்படியும் யாரும் நம்பவில்லை. பெண்டாட்டியே நம்பவில்லை. நம்பாதவர்களுக்கு முன்னால் உத்தமனாக நின்று என்ன கிடைத்துவிடப் போகிறது? காலை எட்டு முதல் நாலு வரை. மூன்று பேரும் ஒரே மேஜையில். அவன் பேனாவை வாங்கி முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினான்.

அவள் எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். படித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். ஊதுங்க சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இவர் போயிட்டா பாய்லருக்கு யார் சார்?”

“எதிர் ஷிஃப்ட்காரர் இருக்காரே. கூட ஒரு புது ஆளைப் போடுவோம். அதெல்லாம் நீங்க ஏம்மா கவலைப்படறீங்க?”

அவள் பேனாவை எடுத்து மூடியைப் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

“சார், மொதல்ல மூணு பச்சை வந்துச்சே, அது பொய். அப்ப இவர் பிடிச்சாரு. அதை எழுதி நீட்டுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன். இந்தச் சிவப்பு இவரோடது இல்ல, உங்க குழாயோடது. இவர் பிடிக்கல. பிடிச்சாருன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்.”

“யோசிச்சுப் பாரும்மா. மறுபடி இப்படி ஒரு இடம் வராது.”

“தெரியும் சார்.”

அவர் இன்னும் கொஞ்சம் சொல்லிப் பார்த்தார். துணையின் கையெழுத்து இல்லாமல் காகிதம் செல்லாது, பெயரை அடிக்கிறதைத் தவிரத் தனக்கு வேறு வழியில்லை என்றார். அவள் எழுந்துவிட்டாள். அவனும் எழ வேண்டியதாயிற்று.

படி இறங்கும்போதே அவன் வெடித்தான். கைக்கு எட்டியதைத் தட்டிவிட்டாளே என்றான். ஐந்து மாதமாக ஜெனரல் ஷிஃப்ட், ஜெனரல் ஷிஃப்ட் என்று உயிரை எடுத்தது யார் என்று கேட்டான். ஒரு கையெழுத்தில் என்ன குறைந்துவிடும், இந்த வீம்புக்காகக் குழந்தை இன்னும் எத்தனை வருஷம் அப்பன் ஒரு வாரம் அம்மா ஒரு வாரம் என்று வளர வேண்டும் என்று கேட்டான். ஒரு வருஷத்தில் பேசுவதை மூன்று நிமிஷத்தில் பேசினான். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகியபடி வேகமாக நடந்துகொண்டே இருந்தாள். மடிப்புப் பகுதியின் வாசலில்தான் நின்றாள்.

“எதிராளி அண்ணன் பிடிக்காமயே பதினெட்டு ஊதியிருக்காரு. நாம பாட்டுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போனா அவர் சொல்றதை யார் நம்புவாங்க? நர்ஸம்மா லெட்டரைக் கிழிச்சுப் போட்டுருவாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். “பாப்பாவுக்குப் பல்லு ஆடுது. கையை வைக்க விடாதீங்க.”

இரண்டாம் சங்கு ஊதிற்று. அவள் உள்ளே போய்விட்டாள்.

அவன் கேட்டைத் தாண்டி, தெருவில் இறங்கி, பெட்டிக்கடை வரைக்கும் திட்டிக்கொண்டே போனான். கடைக்காரன் பழைய பழக்கத்தில் அவனுடைய பாக்கெட்டை எடுத்து நீட்டினான். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். பிடிக்கிறதில்லை என்று சொல்ல வாயெடுத்தான்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவர் பிடிக்கல. அதிகாரியின் மேஜைக்கு முன்னால், ஜெனரல் ஷிஃப்டை ஒரு கையால் தள்ளிவிட்டு, அவள் அதைத்தான் சொன்னாள். இத்தனை வாரமாக அவள் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வராதா என்றுதான் அவன் கேட்டில் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தான். வந்தபோது அவன் காதில் விழவில்லை, சாப்பாட்டு மேஜைதான் கண்ணுக்குத் தெரிந்தது. போதாததற்குப் படியிறங்கியதிலிருந்து மடிப்புப் பகுதி வாசல் வரை திட்டி வேறு தீர்த்திருக்கிறான்.

திரும்பி ஓட்டமும் நடையுமாகக் கேட்டுக்கு வந்தான். கேட் சாத்தியிருந்தது. உள்ளே உருளைகள் ஓடத் தொடங்கிவிட்ட சத்தம் கேட்டது. அவனுடைய பாய்லரின் புகைக்குழாய்க்கு மேலே ஒரு கீற்றும், கூரையின் இடுக்கில் பத்துக் கீற்றுமாகப் புகை வந்துகொண்டிருந்தது.

வாட்ச்மேன் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். “வீட்டம்மாவா? உள்ளே போயாச்சே, இனி பத்து மணிக்குத்தான். ஏதாவது அவசரம்னா ஆள் விட்டுச் சொல்றேன். என்ன சொல்லணும்?”

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். மடிப்புப் பகுதிக்கு ஆள்விட்டுச் சொல்கிற மாதிரியா இருக்கிறது அது? பத்தரைக்கு அவள் வீட்டுக்கு வரும்போது, விழித்திருக்கிறேன் என்று எத்தனை தடவை உட்கார்ந்தும் அவனால் முடிந்ததில்லை. குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

“ஒண்ணும் அவசரமில்லண்ணே,” என்றான். “நாளைக்குச் சொல்லிக்கிறேன்.”